பாடந்தேடி

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் பெருவீதியில், கிழக்கே தென்னந்தோப்புகளும் மேற்கே களப்பும் இறால் பண்ணைகளுமாக நீளும் முந்தல் பிரதேசத்தில், மீன்பிடித்தும் தேங்காய் உரித்தும் இறால் வளர்த்தும் ஜீவனம் நடத்துகிற பலவகை மனிதர்களிடையே, அண்மைக்காலத்தில் தோன்றிப் பிரசித்தி பெற்றுவரும் ஒரு மகானைப் பற்றி எழுதாமலிருப்பது நன்றிகெட்ட செயலாகும். அவருக்கு நான் இட்டிருக்கும் பெயர் பாடந்தேடி. கணினி நிரலாக்க மொழியொன்றைக் கற்பதற்கு உத்தமமான சாதனம் எது என்று ஆராய்வதே அவருடைய சர்வகால உத்தியோகம். கற்பது என்பது அந்த ஆராய்ச்சி முற்றுப்பெற்ற பின்னர் நடைபெறவேண்டிய ஒரு சிறு சடங்கு. ஆராய்ச்சி இன்னும் முற்றுப்பெறவில்லை.

ஊர் அடங்கி, இரவுநேர டேட்டா திறந்துகொள்ளும் நள்ளிரவு முகூர்த்தத்தில், முற்றத்துக் கதிரையில் அவர் கைப்பேசியோடு அமர்ந்தாரானால், பைதன் மொழிக்குச் சென்னைக்காரர் நடத்தும் காணொளித் தொடர் சிறந்ததா, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 வகுப்பு சிறந்ததா என்று ஒவ்வொன்றின் முதற்பாடத்தையும் பார்த்துத் தராதரம் கண்டு, வைகறைப் பாங்கு ஒலிக்கும்வரை தரவிறக்கிக்கொண்டேயிருப்பார். முதற்பாடம் எல்லாத் தொடர்களிலும் ஏறக்குறைய ஒன்றேயாகையால், மாறி என்றால் என்ன என்பதை அவரளவுக்குப் பலர் வாயிலாகக் கேட்டறிந்த பாக்கியசாலி வடமேல் மாகாணத்தில் வேறொருவர் இருக்கமாட்டார். மீள்செயல் என்பது மூன்றாம் நான்காம் பாடங்களில் வருகிற விஷயம். அதனோடு அவருக்குப் பரிச்சயமில்லை.

நூல்களைப் பற்றிய அவரது ஞானமோ அபாரமானது. கேர்னிகனும் ரிட்ச்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூல் 228 பக்கங்களே கொண்டது என்பதும், உலகத்துக்கு வணக்கம் கூறும் முதல் நிரலை உலகெங்கும் பரப்பிய புண்ணியம் அந்நூலையே சாரும் என்பதும் அவருக்கு மனப்பாடம். அதன் பெருமையை அவர் அரைமணி நேரம் வர்ணிப்பார். அந்த அரைமணியில் அதன் முதற்பயிற்சியைச் செய்து முடித்துவிடலாமே என்ற நினைவு, கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு வருமேயன்றி அவருக்கு வருவதில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் பலகாரம் சாப்பிட்டே தலைநரைத்துப்போன மாப்பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோமல்லவா, அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்.

அவர் சேர்த்துவைத்த நூற்பொக்கிஷத்துக்குக் காலமொன்றே பகை. பைதனின் மூன்றாம் பதிப்பு 2008இல் வெளிவந்து, பிரின்ட் என்ற கட்டளைக்கு அடைப்புக்குறியைக் கட்டாயமாக்கிற்று. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு அற்றுப்போயிற்று. பெரும்பிரயாசையோடு அவர் திரட்டி வைத்திருந்த இரண்டாம் பதிப்பு நூல்களுக்கு, அவர் அவற்றைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே ஈமக்கிரியை முடிந்துவிட்டது. அவர் கலங்கவில்லை. திறவாத நூல் காலாவதியாவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் அயல்வீட்டுப் பையன் ஒருவன், வேறு கதியின்றி, ஒருநாள் அவரிடம் போய், "அண்ணா, பைதன் படிக்க நல்லதா ஒரு புத்தகம் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டான்.

"எதுக்குத் தம்பி? வெப்புக்கா, டேட்டா சயன்ஸுக்கா?"

"சோதனைக்கு அண்ணா."

அன்றிரவே அவனுடைய வாட்சப்புக்கு நாற்பது இணைப்புகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஐந்து, மற்ற முப்பத்தைந்தில் எவை சிறந்தவை என்று விளக்குபவை. பையன் அவற்றைக் கும்பிட்டு ஒதுக்கிவைத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்த தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலை எடுத்துக்கொண்டான். விளங்காத இடங்களுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையவழிப் பாடநெறியைப் பார்த்தான். பைதன் மொழியை 1991இல் உலகுக்கு வெளியிட்ட கீடோ வான் ரோசம் தாமே எழுதிய பயிற்சிநூலும் அம்மொழியின் சொந்தத் தளத்திலேயே காசின்றிக் கிடக்கிறது. பாடந்தேடி அதை மதிப்பதில்லை. இத்தனை சுலபமாக அகப்படுவது தரமானதாக இருக்கமுடியாது என்பது அவரது அபிப்பிராயம்.

சில வாரங்களில் பையன், இறால் பண்ணை வைத்திருக்கும் தன் மாமாவுக்கென்று ஒரு சிறு நிரல் எழுதினான். வலைவீசி எடுத்த மாதிரி இறால்களின் சராசரி எடையையும், குளத்தில் எஞ்சியிருக்கும் உத்தேசத் தொகையையும் கொடுத்தால், உடல் எடையில் இத்தனை சதவீதம் என்ற கணக்கின்படி அன்றைய தீனி எத்தனை கிலோ என்பதை அது சொல்லும். தீனி குறைந்தால் இறால் வளராது, மிஞ்சினால் அடியில் அழுகி நீர் கெடும் என்பதால், கொப்பியில் கூட்டிப் பெருக்கித் தலையைச் சொறிந்துகொண்டிருந்த மாமாவுக்கு அளவிலா ஆனந்தம். செய்தி பாடந்தேடியின் செவிக்கும் எட்டிற்று.

"எந்த சோர்ஸ்ல தம்பி படிச்ச?"

"வளநூல்தான் அண்ணா."

"அதுக்கு யாருமே ரிவியூ போடல்லையே!" என்றார் அவர், மெய்யான அனுதாபத்தோடு.

இப்பொழுது அவருடைய நாட்டம் ரஸ்ட் மொழியின்பால் திரும்பியிருக்கிறது. முந்தல் பக்கம் போகும் வாசகர்கள், அதற்கு நல்ல புத்தகம் எதுவென்று தயவுசெய்து அவரிடம் கேட்டுவிடவேண்டாம்; கடைசி பஸ்ஸும் போய்விடும். அம்மொழியின் அதிகாரபூர்வ நூல் இலவசமானது; வழக்கமான முறையில் மொழியை நிறுவினால் நூலும் கூடவே கணினிக்குள் வந்துவிடுகிறது.