கார்டு இருக்கா சார்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிற வேலை. லேத்தைத் தொட்டதெல்லாம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தபோது மட்டும்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் மிஷின் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் அத்தாரிட்டி. குழாய்க்கு வாஷர் மாற்ற உட்கார்ந்தால், பிளம்பரைக் கூப்பிட வேண்டிய நிலை வரும்வரை எழுந்திருக்க மாட்டேன். மிக்ஸியைக் கழற்றி மாட்டினால் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் வரும். "கம்பெனிக்காரன் அனாவசியமாப் போட்டிருக்கான்" என்று சொல்லி ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பேன். அந்த டப்பா முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

இந்த லட்சணத்தில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திக்கொண்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல் ப்ராசசரில் அது பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறது. எங்களுடையது ஆறாவது. பெண் கொடுக்கிறவர்கள்கூட இத்தனை தலைமுறை விசாரிக்க மாட்டார்கள்.

தீபாவளி போனஸ் கைக்கு வந்த நேரம். வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகின. என் மனைவி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்துக்குப் பொருளாளர். மெயின்டனன்ஸ் கணக்கை எக்ஸெல்லில் போட்டு, பாக்கி வைத்தவர் வீட்டு வாசலிலேயே திறந்து காட்ட வேண்டும், ஆகவே லேப்டாப். பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். 'ப்ராஜெக்ட்' செய்ய டெஸ்க்டாப் வேண்டும் என்றான். அந்த ப்ராஜெக்டில் துப்பாக்கிச் சத்தம் வரும் என்பது எனக்குத் தெரியும். மூன்றாவது கட்சி பூந்தமல்லியிலிருக்கும் மச்சினன். ஐடி ஆசாமி. கேட்காமலே ஆலோசனை சொல்கிற கட்சி.

"மாமா, ஐ5-னு போட்டிருந்தா எல்லாம் ஒண்ணு கிடையாது. நம்பருக்குப் பின்னாடி இருக்கிற எழுத்தைப் பாருங்க" என்று போனில் சொன்னான்.

"எல்லாம் எனக்குத் தெரியும்ப்பா" என்றேன். உலகத்தில் என்னை அதிகச் செலவில் விட்ட வாக்கியம் இதுதான்.

விளம்பரத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஆராய்ந்தேன். லேப்டாப்பில் ஐ5 1235யூ: பத்து கோர். டெஸ்க்டாப்பில் ஐ5 12400: ஆறு கோர். இரண்டும் இன்டெல், இரண்டும் பன்னிரண்டாம் தலைமுறை. பத்து பெரிதா, ஆறு பெரிதா? முப்பத்தோரு வருஷக் கணக்குப்பிள்ளைக்கு இதில் சந்தேகமே வரவில்லை. ராத்திரி தோசைக்கு நடுவே தீர்ப்பை அறிவித்தேன்: "லேப்டாப்தான் பவர்ஃபுல்."

பையன் தோசையைக் கீழே வைத்தான். அவன் சொன்னதை எஸ்டேட் பாஷையில் சொன்னால்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பத்து பேரில் டர்னர் இரண்டு பேர்தான். மிச்சம் எட்டும் ஹெல்பர். ஹெல்பர்கள் சோம்பேறிகள் இல்லை. கொஞ்சம் கரண்ட் குடித்து, சில்லறை வேலைகளை முகம் சுளிக்காமல் செய்வார்கள். ஆனால் நுணுக்கமான பெரிய ஜாப் வந்தால் அந்த இரண்டு டர்னர்தான் கதி. டெஸ்க்டாப்பில் இருக்கிற ஆறு பேரும் டர்னர்.

அதோடு பட்டறைக்கு வருகிற கரண்டும் வேறு. டெஸ்க்டாப்காரருக்கு அடிப்படை 65 வாட், அவசரத்துக்கு 117 வரை இழுத்துக்கொள்ளலாம். லேப்டாப்காரருக்கு அடிப்படை 15. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு 55 வரை போவார். அதற்குள் சூடேறிவிடும், காற்று போக அவருக்கு இருப்பது விரற்கடை உயரத்து வீடு. வேகத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கேமிங் லேப்டாப்பில் வருகிற 'எச்' வகை நடுத்தரம்: ஐ5 12500எச் என்றால் நான்கு டர்னர், எட்டு ஹெல்பர், அடிப்படை 45 வாட்.

எனக்குச் சுருக்கென்று உறைத்தது. டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் கால் ஊன்றியது எங்கள் அம்பத்தூரில்தான். பக்கத்து ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960-களிலிருந்து ராணுவ டாங்கி செய்கிறார்கள். இரண்டும் வண்டிதான். பால் வாங்கப் போக சைக்கிள் போதும். டாங்கியில் போனால் தெருவும் மிஞ்சாது, பாலும் மிஞ்சாது. அதற்காக சைக்கிளைக் கொண்டுபோய் எல்லையில் நிறுத்த முடியுமா?

"அப்போ டெஸ்க்டாப்தான்" என்று இரண்டாவது தீர்ப்பை வழங்கினேன்.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "என்னங்க, அதை எங்க வைக்கறது?"

இந்தக் கேள்வியை எந்தக் கம்ப்யூட்டர் நிபுணரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பையன் ஒரு சீட்டில் 'ஐ5 12400' என்று எழுதி, கூட வருகிறேன் என்றான். "ரிச்சி ஸ்ட்ரீட் நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்டா" என்று தனியாகக் கிளம்பினேன். சனிக்கிழமை. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் கேசினோ தியேட்டர் பக்கம். பிறகு அந்தச் சந்துக்குள் நுழைந்தால் ஒயர், சார்ஜர், சிசிடிவி கேமரா, "என்ன சார் வேணும், என்ன சார் வேணும்" என்று தோள் தோளாக இழுக்கும் குரல்கள்.

ஒரு கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர், "12400 ஒண்ணு இருக்கு, 12400எஃப் ஒண்ணு இருக்கு சார். எஃப் இரண்டாயிரத்துச் சொச்சம் கம்மி" என்றார். மச்சினன் எச்சரித்த அந்த எழுத்து நேரில் வந்து நின்றது. எஃப் என்றால் ஃபாஸ்டாக இருக்கும், இல்லை ஃபர்ஸ்ட் கிளாஸாக இருக்கும் என்று என் அறிவு சொன்னது. விலையும் குறைவு என்றால் விடுவானேன்?

அவர் நேர்மையான மனுஷர். பில் போடுவதற்கு முன்னால் கேட்டார்: "கார்டு இருக்கா சார்?"

"கேஷாவே குடுத்துடறேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பணத்தை எண்ணிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. பையன் பாகங்களைப் பூட்டி முடித்திருந்தான். ஆறு மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும், கேபினட் நெற்றியில் குங்குமம் வைத்து, சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. நீலமும் சிவப்புமாக விளக்கெல்லாம் எரிந்தது. எங்கள் கூடமே அம்மன் கோயில் ஆடித் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்று ஒரு வரி வந்து, அதுவும் அணைந்துபோனது.

ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஊதினேன். மானிட்டர் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். பழைய கறுப்பு வெள்ளை டிவி காலத்து வைத்தியம். என் ஸ்க்ரூ டப்பாவை எடுத்து வரலாமா என்று யோசித்தேன். பையன் ப்ராசசர் வந்த அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இது எஃப்."

"ஆமா. ஃபாஸ்ட்."

"எஃப்னா உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாதுப்பா. தனியா கிராஃபிக்ஸ் கார்டு போட்டாத்தான் மானிட்டர்ல படமே வரும். கடையில கார்டு இருக்கான்னு கேக்கலையா?"

கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்பதை அந்த நிமிஷம் நான் வெளியிடவில்லை. பதினைந்து நாள் கழித்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்து முடிக்க இன்னும் சில நாள் ஆகும்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது பரணில் கிடந்த அரசு லேப்டாப். மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தருகிற திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அதில் எங்கள் மகளுக்கு, அவள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது. விண்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் போட்டுத் தந்திருந்தார்கள். பேட்டரி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. சுவர் பிளக்கை விட்டு ஒரு அங்குலம் நகராது. பெயரில் மடிக்கணினி, பிழைப்பில் மேசைக்கணினி. அதைத் தூசி தட்டித் திறந்துதான் என் நாற்பதாயிரம் ரூபாய் டெஸ்க்டாப்புக்கு என்ன வியாதி என்று ஊர்ஜிதம் செய்துகொண்டோம்.

மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். இந்த முறை பையனும் வந்தான். எஃப் வாங்கி மிச்சம் பிடித்ததைப்போல ஏழு மடங்கு கொடுத்து ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினோம். பையன் முகத்தில் போதிய அளவு சோகம் இல்லை என்பதைக் கவனித்தேன். விளையாட்டைப் பொறுத்தவரை ப்ராசசரைவிடப் பெரிய வேலை கார்டுக்குத்தானாம். இதை அவன் முன்னமே சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும்.

தீபாவளிக்கு மச்சினன் தன் கேமிங் லேப்டாப்போடு வந்தான். பையனும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினார்கள். கால் மணி நேரத்தில் மச்சினன் லேப்டாப்பிலிருந்து தண்ணீர் லாரி மோட்டார் போடுகிற சத்தம் வந்தது. கீபோர்டுக்கு மேலே கை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல் பதம். போன கத்திரியில் அதைக் கட்டிலில் மெத்தைமேல் வைத்து ஆடினானாம். காற்றுத் துளை அடைபட்டு, உள்ளே வெப்பம் நூறு டிகிரியை எட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டமே ஸ்லோ மோஷனில் ஓடியதாம். சார்ஜரைப் பிடுங்கினாலும் அதன் வேகம் படுத்துவிடும். எனக்கு மனசுக்குள் ஒரு மத்தாப்பு எரிந்தது.

எரிந்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. மழைக்காலம். என் டெஸ்க்டாப் குங்குமத்தோடு இருட்டில் நின்றது. யுபிஎஸ் வாங்கவில்லை, 'எல்லாம் எனக்குத் தெரியும்' கணக்கில் அதுவும் சேர்த்தி. மச்சினன், "மாமா, டார்ச் வேணுமா?" என்று லேப்டாப் திரையை என் பக்கம் திருப்பினான்.

பிறகு மின் அட்டையும் பேச ஆரம்பித்தது. ஆட்டத்தின்போது டெஸ்க்டாப் மொத்தமாக 300 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். தினம் நாலு மணி நேரம் என்றால் 1.2 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். அறுபது நாளில் 72 யூனிட். அரசு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டில் முக்கால்வாசியைப் பையன் சுட்டே தீர்த்துவிடுகிறான். கணக்கு எழுத 40 வாட் லேப்டாப் அதே நாலு மணி நேரம் ஓடினால் பத்து யூனிட்கூட ஆகாது.

மனைவி அரசு லேப்டாப்பை விடவில்லை. அதன் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடச் சொன்னாள். ப்ராசசர் அதேதான், ஆனால் முன்பு காபி போட்டுக் குடித்துவிட்டு வரும்வரை திறக்காத கணக்கு இப்போது டம்ளரை எடுப்பதற்குள் திறக்கிறது. பாஸ் லினக்ஸில் லிப்ரே ஆஃபீஸ் வைத்துச் சங்கக் கணக்கு நடக்கிறது. அன்றாட வேலைக்குத் தடை பெரும்பாலும் ப்ராசசர் இல்லை, டிஸ்க்கும் ரேமும்தான் என்பதை அவள் அதிகச் செலவில்லாமல் கண்டுபிடித்தாள்.

போன வாரம் ஏஎம்டியின் ரைசன் 7800எக்ஸ்3டி என்று ஒன்றைப் பற்றிப் பையன் பேச்சை எடுத்தான். 2023-ல் வந்ததாம்; என் ப்ராசசரில் 18 எம்பி இருக்கிற எல்3 கேஷ் அதில் 96 எம்பி. "கேஷ்னா என்னடா?" என்று கேட்டேன். அவன் தொடங்குவதற்குள் மனைவி அடுப்படியிலிருந்து, "அஞ்சறைப் பெட்டிங்க. கடுகு கைக்கெட்டற தூரத்துல இருந்தா தாளிப்பு கருகாது. ஒவ்வொரு தடவையும் மளிகைக் கடைக்கா ஓட முடியும்?" என்றாள். அதை வாங்க போர்டும் மாற்ற வேண்டுமாம். பரவாயில்லை, டெஸ்க்டாப்பில் ப்ராசசர் வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரி. காலி செய்யச் சொல்லி வேறு ஆளை வைக்கலாம். லேப்டாப்பில் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள்; சொந்தக்காரர் மாதிரி, கடைசிவரை சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு, நான் ஃபீஸ் கட்டிப் படித்தது இவ்வளவுதான். முன்னால் இருக்கிற ஐ5, ஐ7-ஐப் பார்த்து மயங்காதீர்கள். கடைசி எழுத்தைக் கேளுங்கள். எழுத்து, கணக்கு, பேங்க் வேலைக்கு 'யூ' தாராளம். விடுதியில் இருந்துகொண்டு விளையாட வேண்டும் என்றால் 'எச்', கூடவே காதுக்குப் பஞ்சு. வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடுவதற்கு டெஸ்க்டாப், ஆனால் எங்கே வைப்பது என்று முதலில் மனைவியைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிறது, நாங்கள் தரையில் சாப்பிடுகிறோம். கடைக்காரர் "கார்டு இருக்கா சார்?" என்று கேட்டால் பர்ஸைத் தொடாதீர்கள். தெரியாது என்று சொல்லுங்கள். அதற்குக் காசு கிடையாது.