புருவத்தில் தட்டு, பொம்மையில் தட்டு

ஒரகடம் தொழிற்பேட்டையில் நெஞ்சு படபடக்க இரண்டு வார்த்தை போதும்: “லைன் நின்னுடுச்சு!” பெரிய கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து அனுப்பும் எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளுக்கு, வல்லக்கோட்டைப் பக்கம் லாரி பஞ்சரானாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆடிட் வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட, “எத்தனை என்.சி. சார்?” என்பார். என்.சி. என்றால் ஆடிட்டர் குறித்துவைக்கும் குறை.

அப்படியோர் ஆடிட்டுக்கு முன்னால், எச்.ஆர். ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார். பயத்தைத் தட்டியே விரட்டுகிற ‘டாப்பிங்’ வைத்தியமாம். 1980களில் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கலஹன் தொடங்கியதை, 1990களில் கேரி கிரெய்க் எளிமையாக்கினார். கிரெய்க் இன்ஜினியரிங் படித்தவர். அதனால்தானோ என்னவோ, முறை அப்படியே ப்ராசஸ் ஷீட்தான்: முதலில் உள்ளங்கையின் பக்கவாட்டு, பிறகு புருவ முனை, கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, மோவாய், காறை எலும்பு, அக்குளுக்குக் கீழே, உச்சந்தலை. பயம் இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று வாயும் சொல்ல வேண்டும்.

பிரஸ் ஷாப் ஆபரேட்டர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உச்சந்தலைக்குப் போனார். டொக், டொக்.

“உங்க பயம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எவ்வளவு?” என்றார் பயிற்சியாளர்.

“இந்த ஸ்கேலைக் கடைசியா எப்ப சார் கேலிபரேட் பண்ணீங்க?” என்றது குவாலிட்டி.

பிள்ளையார் முன்னால் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் வெயிட், ஹோல்டர் என்ற ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். கனடாவில் மாணவர்களைப் பிரித்து, சிலரைச் சரியான புள்ளிகளில் தட்டச் சொன்னார்கள். சிலரைச் சம்பந்தமில்லாத இடங்களில். சிலரை ஒரு பொம்மையின் மேல். மூன்று கூட்டத்துக்கும் பயம் குறைந்தது! வாங்கிய அடியில் பொம்மைக்கு என்ன ஆயிற்றோ, தெரியவில்லை.

ஆக, வித்தை புள்ளியில் இல்லை என்பது என் கட்சி. எங்கள் ஷாப் ஃப்ளோரில் “எனக்குப் பயமா இருக்கு” என்று மேனேஜர் காதுபட வாய்விட்டுச் சொல்ல அனுமதி கிடைத்ததே அந்த அரை மணி நேரத்தில்தான். பாதிப் படபடப்பு அதிலேயே இறங்கிவிட்டது.

தட்டுவதில் தப்பில்லை, தாராளமாகத் தட்டுங்கள். தூக்கமும் சோறும் போகிற அளவுக்குப் பயம் என்றால் மட்டும் புருவத்தை விட்டுவிட்டு, போனில் 14416 என்று தட்டுங்கள். அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், நைட் ஷிஃப்டிலும் எடுப்பார்கள்.