கீசர் விளக்கு எரிந்தும் வெந்நீர் வாராமை: ஒரு முன்னாய்வு

ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கு ஒரு கருத்தரங்கையே ஒதுக்கும் நம் ஆய்வுலகம், குளியலறைச் சுவரில் தொங்கும் கீசருக்கு இதுவரை ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. மூலநூலாக வாரன்டி அட்டையும், உரைநூலாகப் பயன்பாட்டுக் கையேடும், கல்வெட்டாக ஐ.எஸ். 2082 என்ற எண் பொறித்துத் தொட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரும், செவிவழிச் செய்தியாக எதிர்வீட்டாரின் கருத்தும் கொள்ளப்பட்டன. இவற்றுள் எதிர்வீட்டாரின் கருத்தே மிக விரிவானது. கேஸ் கீசர் நம் எல்லைக்கு அப்பாற்பட்டது. காற்றோட்டமில்லாத குளியலறையில் அதை மாட்டுகிறவர்கள் கார்பன் மோனாக்சைடின் துணையோடு எந்த ஆய்வாளரும் எட்டமுடியாத இடத்துக்குப் போய்விடக்கூடும். நாம் நிறுவ வந்தது ஒன்றே: கீசரின் நோய் உள்ளே இருக்கிறது, வீட்டாரின் விளக்கங்கள் யாவும் வெளியே நடக்கின்றன; ஆகவே மூடியைக் கழற்றாமல் சொல்லப்படும் முடிவு செல்லாது. இது சில துறைகளில் கலவரத்தை உண்டாக்கலாம் என்பதை அறிவோம். மூடியைக் கழற்றாமலே முடிவு சொல்லித்தான் அங்கே பதவி உயர்வு வாங்குகிறார்கள்.

முதற்கண் விளக்கு. 15 லிட்டர் தொட்டி, 2000 வாட் காயில் என்றால் 25 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்குப் போக ஏறக்குறைய 18 நிமிடம் போதும். ஒரு மணி நேரமாக விளக்கு எரிகிறது, குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது என்றால் விளக்குவாதிகள் தளர்வதில்லை; ‘லைட்டுதான் எரியுதே, இன்னும் கொஞ்ச நேரம் விடு’ என்பது அவர்தம் சூத்திரம். மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகித்த தர்க்க நூலார், விளக்கைக் கண்டு வெந்நீரை ஊகிக்கச் சொல்லவில்லை. பல மாடல்களில் இந்த விளக்கு தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால், காயிலுக்கு இணையாக இணைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் காயிலின் முனை வரை வந்துவிட்டது என்பதற்கே அது சாட்சி. காயில் வழியே ஓடுகிறது என்பதற்கு அல்ல. காயில் அறுந்தாலும் விளக்கு எரியும். அறுந்தபின் அணைவதற்குக் காரணமே இல்லாததால் இன்னும் உறுதியாக எரியும். விளக்கு அணைந்து தண்ணீரும் பச்சையாக வந்தால் தெர்மோஸ்டாட்டோ சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்அவுட்டோ வயரோ பிளக்கோ போயிருக்கும். விளக்கு அணையாமல் குழாயில் ஆவி சீறினால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது என்க. அப்போது ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்விட்சை அணைக்க. விளக்கு அணைந்து தண்ணீர் சூடாகவும் வந்தால் ஆய்வுக்குப் பொருளில்லை, குளிக்கலாம். (காண்க: வாரன்டி அட்டை, பின்பக்கம், கீழிருந்து இரண்டாம் வரி, கடை முத்திரை மறைத்த சொற்களை நம் கொள்கைக்கு ஏற்ப நிரப்பிக்கொண்டோம்.)

 

இனி உப்பு. கீசர் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கெடும் என்பது நகரவாசிகளின் மயக்கம். கோவையிலேயே சிறுவாணித் தண்ணீர் ஏறும் வீட்டுக் காயிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஏறும் வீட்டுக் காயிலும் ஒரே தலையெழுத்துக் கொண்டவை அல்ல. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையேல் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500). அது குடிப்பவரை நினைத்து எழுதியது; காயிலின் கருத்தை யாரும் கேட்கவில்லை. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு. தண்ணீர் சூடேறும்போது பைகார்பனேட் சிதைந்து, எது மிகச் சூடாக இருக்கிறதோ அதன்மேலேயே வெள்ளையாகப் படியும். மிகச் சூடான இடம் காயில். படிவம் தடிக்கத் தடிக்க வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கும். கடகடவென்று ஒரு சத்தம் எழும். கடைசியில் காயிலின் உறை வெடித்து மின்சாரம் தண்ணீரைத் தொடும். அந்த நொடியில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி. வீட்டையே இருட்டாக்கும். வீட்டார் இதைக் ‘கரண்ட் போச்சு’ என்று எழுதிவைப்பர், பாடபேதம்.

இப்போது நம் ஆய்வின் இதயத்துக்கு வருகிறோம்: ஆனோட் கம்பி. தொட்டிக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கிறது என்பதையே கீசர் வைத்திருப்போரில் பெரும்பாலோர் அறியார். துருப்பிடிக்கவேண்டிய தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவது மட்டுமே அதன் வேலை. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்த நாட்டில் இதற்கு ஒரு செங்கல்லும் எடுக்கப்படவில்லை. இதன் குலமுறை பெரிது. இங்கிலாந்துக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் கடல்நீர் அரித்தபோது, சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ பிணைத்தால் செம்பு தப்பும் என்று 1824இல் ஹம்ஃப்ரி டேவி லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்தார். செம்பு தப்பியது. ஆனால் கரைந்த செம்புதான் அதுவரை சிப்பிகளையும் கடற்பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. அது நின்றதும் அடிப்பாகம் முழுக்க அவை குடியேறிக் கப்பல் வேகம் குறைந்தது. கடற்படை அந்த முறையையே கைவிட்டது. ஓர் அறிஞர் முற்றிலும் சரியாக இருந்தும் கப்பல் நகராமற்போன அரிய நிகழ்ச்சி. மற்ற அறிஞர்கள் விஷயத்தில் தவறாக இருந்தே அதைச் சாதிக்கிறார்கள். டேவியின் தத்துவம் கப்பலை விட்டுக் குளியலறைக்கு வந்தபோது சிப்பித் தொல்லை இல்லாததால் நிலைபெற்றது. உப்புத் தண்ணீர் ஊரில் ஆண்டுக்கொரு முறை கம்பியைக் கழற்றிப் பார்க்கவேண்டும்; மெலிந்து நடுவிலிருக்கும் இரும்புக் கம்பி தெரிந்தால் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் அடுத்து கரைவது தொட்டி. தொட்டியிலேயே ஓட்டை விழுந்தபின் ஒட்டுவதற்கு வழியில்லை, புது கீசர்தான். (காண்க: மேற்படி அட்டை, மழையில் நனைந்த பிரதி, மாவு சலித்த தாளுடன் ஒட்டிய பிரதி, தொலைந்த பிரதி. மூன்றிலும் தொலைந்த பிரதியே நம் கருத்துக்கு மிக அரணாக இருப்பதால் அதையே பின்பற்றினோம். முழு வாதம் நாம் வேறிடத்தில் நிறுவியது. அவ்விடம் இன்னும் எழுதப்படவில்லை.)

வால்வு சொட்டுவதும் பழுதுதானே என்று ஒருவர் தடைவிடுப்பர். இல்லை. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் ஒரு டம்ளர் அளவு, சுமார் 200 மில்லி, பெருகும். பின்னோக்கிப் போக வழியில்லாதபோது அது பாதுகாப்பு வால்வு வழியே சொட்டத்தான் வேண்டும். சூடேறும்போது சொட்டினால் இயல்பு. நாள் முழுக்க ஒழுகினால்தான் கோளாறு. சொட்டுகிறதே என்று அந்த வாயை அடைக்கிறவர், மூடிய தொட்டிக்குள் அழுத்தத்தைச் சேமிக்கிறார். தெர்மோஸ்டாட்டும் கட்அவுட்டும் ஒருங்கே கைவிடும் நாளில் அவருக்கு மறுப்புரை எழுதவேண்டிய தேவை நமக்கு இராது.

பெரிய தடை வேறொன்று உண்டு: மெக்கானிக் வந்தாலே ‘காயில் போயிடுச்சு சார்’ என்கிறார், அதுவும் மூடியைக் கழற்றாத ஊகம்தானே? சில இடங்களில் உண்மை. அத்தகையவரைப் பேராசிரியராகவே கொள்க. ஆனால் தொழில் தெரிந்தவர் அப்படிச் செய்வதில்லை. மெயினை அணைக்கிறார், டெஸ்டரை வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்கிறார், மூடியைக் கழற்றி வயரைப் பிரித்துக் காயிலின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைக்கிறார். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் சுமார் 26 ஓம் காட்டவேண்டும். உடனடிச் சூட்டுக்கான 3000 வாட் என்றால் சுமார் 18. காட்டினால் அறுபடவில்லை, எல்லையற்றது என்று காட்டினால் அறுந்தது. முனையிலிருந்து தொட்டியின் உலோகத்துக்கும் அளந்து கசிவு பார்க்கிறார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எண்ணைத் தானே படிக்கலாம். ஏமாற்ற இடமே இல்லை. கட்அவுட் விழுந்திருந்தால் ஏன் விழுந்தது என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப அமுக்கிவிட்டுப் போகிறவர் மெக்கானிக் அல்லர்; தொகுப்பாசிரியர்.

அரை மணியில் எட்டிய அந்த முடிவை நம் துறை ஏற்பதில் சில இடர்ப்பாடுகள் உள்ளன. மெக்கானிக் முன்னாய்வுகளைச் சுட்டவில்லை, கருதுகோள் எழுதவில்லை, நெறியாளர் கையொப்பம் பெறவில்லை, எதிர்வீட்டாரின் கருத்தை மறுக்கவுமில்லை. காயிலை மாற்றி, புது கேஸ்கெட் போட்டு, உப்பை வாளியில் வாரிக் கொட்டிவிட்டு விசிட் சார்ஜ் கேட்கிறார். தம் முடிவுக்கு ஆதாரமாக அவர் காட்டுவது, அதன்பின் குழாயில் வெந்நீர் வந்தது என்ற ஒன்றை மட்டுமே. மதிப்பீட்டுக் குழு அதைப் போதுமான சான்றாகக் கருதவில்லை.