அவசர எண் இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் வழங்கும் எல்லை: வடக்கே மேட்டுப்பாளையம், தெற்கே பொள்ளாச்சி, கிழக்கே ஈரோடு, மேற்கே வாளையாறு. நுதலிய பொருள்: வீட்டில் எழுதி ஒட்டவேண்டிய அவசர எண் பட்டியல். கேட்போர்: பகலில் தனியாக இருக்கும் ஆத்தா, எட்டாவது படிக்கும் பிள்ளை, சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர். பட்டியலை எழுதியவர் கேட்போருள் அடங்கார். அவர் அப்போது மயங்கிக் கிடக்கிறார் என்று கொள்க. இந்நூலின் விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கும்.

1. அரசெண் இயல்

*இலக்கம் குறையின் இடுக்கண் பெரிதே.*

அரசு தரும் எண்களை இலக்கத்தால் பகுக்க. உயிர் போகும் காரியத்துக்கு மூவிலக்கம்: ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எதற்கும் பொதுவாக 112. பொருள் போகும் காரியத்துக்கு நாலிலக்கம்: பேங்கிலிருந்து பணத்தை ஏமாற்றி எடுத்துவிட்டால் 1930. கரண்ட் போனால் பத்திலக்கம்: 2021இல் வந்த மின்னகம், 94987 94987. அங்கே சர்வீஸ் நம்பரைக் கேட்பார்கள். அதையும் பக்கத்திலேயே எழுதுக. குழந்தைகளுக்கான 1098, கேஸ் கசிவுக்கான 1906 இரண்டும் இவ்விதிக்கு அடங்கா. நாலிலக்கமாயினும் மூவிலக்கத்தோடு வைத்து எண்ணப்படும்.

குறுகிய எண் எதற்கு எனின், 1935இல் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு பற்றி எரிந்து ஐந்து பெண்கள் இறந்தனர். தீயணைப்புக்குப் போன் செய்த அண்டைவீட்டுக்காரரின் அழைப்பு எக்சேஞ்சில் வரிசையில் காத்துக் கிடந்தது. அதன் விளைவே 1937இல் வந்த 999. நம் 108 தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பரில்.

2. உறவெண் இயல்

*வருவோர் அழுவோர் முறைப்போர் என்றாங்கு*
*ஒருமூன் றாகும் உறவின் எண்ணே.*

வருவோர் என்பார், "எங்கீங்க இருக்கறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுப்பவர். அழுவோர், செய்தி சொன்னவரையே தேற்றவைப்பவர். முறைப்போர், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "எனக்கேனுங்க மொதல்ல சொல்லலே?" என்று கேட்பவர். பெரும்பாலும் இவர் மூத்த மாமன்.

மரபுப்படி எழுதினால் மூத்த மாமனே முதலில் வருவார். பட்டியலோ கல்யாணப் பத்திரிகை அன்று. இங்கே முறை பார்த்தால் ஆள் தங்காது. வருவோரே முதல் வரி. அவர் பங்காளியா, மாமன் மச்சானா, தறிக்குடோன் ஓனரா என்பது பின்னால் ஆராயத்தக்கது. முறைப்போருக்குத் தனித்தாள் வைத்து, அழைக்கும் வேலையை அழுவோரிடம் ஒப்படைக்க. இருவருக்கும் வேலை கிடைக்கும்.

இவ்வியலில் ஆராயத்தக்க இன்னொன்று ஆஸ்பத்திரி. கோவையில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை, சிக்கலே அதுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்க, பி.எஸ்.ஜி.க்கா, கே.எம்.சி.எச்.சுக்கா, பெரியாஸ்பத்திரிக்கா என்று திண்ணையில் விவாதம் நடக்கும். நெஞ்சுவலிக்கு எங்கே, அடிபட்டால் எங்கே என்று நல்ல நாளிலேயே முடிவுசெய்து எழுதுக. தோட்டத்தில் குடியிருப்போர், பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி எது என்பதையும் சேர்க்க. ஆத்தா தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் அதன் கீழே வரும்.

3. தொழிலெண் இயல்

*தொழிலே பெயராம் தொழிலோர்க் கென்ப.*

போர் மோட்டார்க்காரர், லைன்மேன், பிளம்பர், சிறுவாணித் தண்ணீருக்கு வால்வு திறப்பவர் ஆகியோர் போனில் தம் பெயரை இழந்து வாழ்வர். ஒரு போனில் இருப்பன: "பிளம்பர்", "பிளம்பர் புதுசு", "பிளம்பர் எடுக்காதே". இவற்றின் பொருள் போனுக்கு உரியவருக்கே விளங்கும். சுவருக்கு வரும்போது இவை பெயரும் ஊரும் பெற்று வரவேண்டும். எடுக்காதே என்பதன் காரணத்தை எழுதவேண்டா. அவரும் ஒருநாள் இந்த வீட்டுக்கு வரக்கூடும். ஆனைகட்டி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருப்போர்க்கு இவ்வியலில் ஓர் எண் கூடுதல்: யானை வந்தால் கூப்பிட வனச்சரக அலுவலகம்.

4. செத்த எண் இயல்

*மணியொலி யாதது மாண்ட எண்ணே.*

கோவைக் குறியீடான 0422ஐ அடுத்து ஆறே இலக்கம் உள்ளவை, "தற்போது உபயோகத்தில் இல்லை" என்பவை, எடுத்ததும் லோன் வேணுங்களா என்று கேட்பவை என இவை மூவகை. நகைக்கடைக் காலண்டரின் முதுகில் இவை நெடுங்காலம் தங்கும். களையும் நாள் ஆயுத பூசை. லேத்தையும் பம்புசெட்டையும் கிரைண்டரையும் துடைத்துப் பொட்டு வைக்கும் ஊரில், பட்டியலும் ஒரு கருவியே. பொரி பங்கிடும் முன் உறவெண், தொழிலெண் ஒவ்வொன்றையும் ஒருமுறை அழைத்துப் பார்க்க. 108ஐச் சோதித்துப் பார்க்கலாகாது.

5. இட இயல்

*இடஞ்சொல் லாதார்க் கெண்ணிருந் தென்னே.*

பட்டியலில் எல்லாரும் மறக்கும் வரி இது. 108 எடுத்ததும் கேட்பது ஊரையும் இடத்தையும்தான். சொந்த வீட்டுக்கு வழி தெரியாதவர் இல்லை, ஆனால் பதறும் நேரத்தில் வாயில் வருவது, "நம்ம தோட்டத்துக்குத்தானுங்க!" என்பதே. கதவு எண்ணும் தெருப்பெயரும் இல்லாத சாளைக்கு அது போதாது. ஆகவே பட்டியலின் தலையில் பெரிய எழுத்தில், ஊர்ப்பெயரை அடுத்து, அப்படியே வாசிக்கும்படி இவ்வாறு எழுதுக:

"பிரிவுல திரும்புங்க. மாகாளியம்மன் கோயில் தாண்டி ரெண்டாவது இட்டேரி. தென்னந்தோப்பு முடியற எடத்துல நீலக் கேட்டு. நாயக் கட்டிப் போட்டிருக்கோம்."

இதில் வேலன் தோட்டம், வாத்தியார் வீடு போன்ற உள்ளூர்ப் பெயர்கள் கூடா. ஆம்புலன்ஸ் டிரைவர் வெளியூர்க்காரராக இருக்கலாம். நாயைப் பற்றிய வாக்கியம் உண்மையாகவும் இருத்தல் வேண்டும்.

ஒட்டும் இடம்: பீரோ உட்கதவு ஆகாது, சாவி எழுதியவர் இடுப்பில் இருக்கும். போன் மட்டும் போதாது. 2005இல் பாப் பிராட்சி என்ற ஆங்கிலேய ஆம்புலன்ஸ் ஊழியர், அவசரத்துக்கு அழைக்கவேண்டியவரைப் போனில் ஐ.சி.ஈ. என்ற பெயரில் பதிந்துவைக்கச் சொன்னார், நல்ல யோசனை. இன்றோ போன் கைரேகை கேட்கிறது. பூட்டிய திரையிலேயே அவசரத் தகவல் தெரியும்படி வைக்கும் வசதி உண்டு, அதையும் செய்க. ஆயினும் பிரிட்ஜ் கதவுக்குக் கைரேகை வேண்டியதில்லை.

புறனடை

வீட்டில் உள்ள எவரிடமாவது தாளைக் கொடுத்து, கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லிப் பார்க்க. திணறினால் எழுத்தைப் பெரிதாக்க. இறுதியாக, இவ்விதிகள் யாவும் வழுவாது எழுதப்பட்ட பட்டியலிலும் ஓர் எண் விடுபட்டிருக்கும்: அதை எழுதியவரின் எண். தன் எண் தனக்குத் தெரியும் என்பதே அவர் கூறும் காரணம்.