நாலு மீட்டருக்குள் ஒரு குடும்பம்

ஷோரூமில் சின்ன எஸ்யுவி என்று விற்கப்படும் வண்டி, அரசாங்கக் கணக்கில் எஸ்யுவியே கிடையாது. ஜிஎஸ்டி கவுன்சில் 2022 டிசம்பரில் தெளிவாக்கியபோது, எஸ்யுவி ஆக ஒரு வண்டிக்கு நான்கு தகுதி கேட்டது. நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும். இன்ஜின் 1,500 சிசியைத் தாண்ட வேண்டும். அடிப்பாகம் தரையிலிருந்து 170 மில்லிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். ஊர் உலகம் அதை எஸ்யுவி என்று அழைக்கவும் வேண்டும். சின்ன எஸ்யுவி கடைசி இரண்டில் மட்டும் தேறுகிறது. சிவகாசிக்குப் பக்கத்துப் பட்டாசு ஊரான தாயில்பட்டியைப் பொறுத்தவரை நான்காவது ஒன்றே போதும். வெம்பக்கோட்டை ரோட்டில் உயரமாக ஒரு வண்டி வந்தால் அது எஸ்யுவி. அதிலிருந்து இறங்குகிறவர் அந்தத் தீபாவளிக்கு நாலு காசு பார்த்தவர்.

இந்த வண்டியின் உடல்வாகைத் தீர்மானித்தது வரிதான். 2006 பட்ஜெட்டில், பக்கத்துச் சிவகங்கைக்காரரான அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் நாலு மீட்டருக்குள், இன்ஜின் பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் என்பது நிபந்தனை. அன்று முதல் கம்பெனிகள் ஒரு கையில் டேப்பை வைத்துக்கொண்டே கார் வரைகின்றன. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2013இல் வந்தபோது, ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டிக்கொண்டும் கணக்கில் நாலு மீட்டருக்குள் நின்றது. 2016இல் மாருதி பிரெஸ்ஸா, 2017இல் டாடா நெக்ஸான், 2019இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் வென்யூ. இன்று இந்த மூன்றும் 3,995 மில்லிமீட்டர். கோட்டுக்கும் வண்டிக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டு தீக்குச்சிகளைச் சேர்த்து வைத்தால் வருகிற கனம்.

2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கோட்டுக்குள் நிற்பவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே நிற்பவற்றுக்கு 40. நெக்ஸானின் பெட்ரோல் இன்ஜின் 1,199 சிசி, டீசல் 1,497 சிசி என்று இருப்பதன் ரகசியம் இதுதான். பிரெஸ்ஸா உடம்பை மட்டும் சுருக்கிக்கொண்டு, உள்ளே 1,462 சிசி பெட்ரோல் இன்ஜினை வைத்திருப்பதால் 40 கட்டுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு கோடு உண்டு. 2023 நவம்பரில் மாறிய சாலை வரிப்படி, ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம்; பத்தைத் தாண்டினால் 18. விலை 9,99,000 ரூபாய் என்றால் வரி ஏறக்குறைய 1,30,000. விலை 10,01,000 என்றால் 1,80,000. விலையில் இரண்டாயிரம் ஏறினால் வரியில் ஐம்பதாயிரம் ஏறுகிறது. இந்தக் கோட்டைக் குடும்பங்கள் தாண்டுவது பெரும்பாலும் சன்ரூஃபுக்காக. சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்த வேப்பமரத்து நிழல் தேடுகிற மனிதர், அதே வெயிலை உச்சந்தலையில் வாங்கக் கண்ணாடிக்கூரை கேட்பதற்குப் பிள்ளைகளே காரணம். அது முழுசாகத் திறக்கப்படுவது வண்டி வந்த அன்று மாலை. அதன்பின் உள்திரை இழுத்து மூடப்பட்டு, அடுத்த கைக்கு விற்கும் வரை அப்படியே இருக்கும்.

அடுத்தது குடும்பம். விளம்பரத்தில் குடும்பம் என்றால் நான்கு பேர், எல்லோரும் சிரித்தபடி. தாயில்பட்டியில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், அப்பத்தா. இது போக, கிளம்புகிற நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிற மச்சான். ஆர்சியில் எழுதியிருப்பது ஐந்து இருக்கை. டிக்கியைக் கம்பெனிக்காரர்கள் லிட்டரில் அளக்கிறார்கள்: நெக்ஸானில் 382, பிரெஸ்ஸாவில் 328. இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் லிட்டரில் அளப்பதில்லை. பொங்கப் பானை, அரிசி, வெல்லம், தேங்காய், அகப்பை, தண்ணீர்க் கேன், மாற்றுத் துணி, அப்பத்தாவின் மடக்கு நாற்காலி ஆகியவை நெக்ஸானில் அடங்கும். பிரெஸ்ஸாவில் மடக்கு நாற்காலி மடிக்கு வரும். கிடா குட்டியானையில் தனியாக வரும். மச்சானையும் அதில் ஏற்றிவிட்டால் ஆர்சிக்கும் மரியாதை, கிடாவுக்கும் துணை.

எஸ்யுவி வாங்கச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது, அப்பத்தாவின் முழங்கால். தாழ்ந்த காரில் பள்ளத்தில் இறங்குவது மாதிரி உட்கார வேண்டும்; எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். உயரமான காரில் சீட் இடுப்பு மட்டத்தில் இருப்பதால் இறங்குவது சுலபம் என்பது உண்மைதான். ஏறுவதுதான் சிக்கல். காலமெல்லாம் மினி பஸ்ஸில் போய்ப் பழகிய அப்பத்தா முதலில் வலது காலைத் தூக்கிக் கதவோரப் படியில் ஊன்றுவார், மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடிப்பார், அப்படியே எழும்புவார். தலை கூரையில் இடிக்கும். கார் முறை வேறு: முதுகைக் காட்டி முதலில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் இரண்டு காலையும் உள்ளே திருப்ப வேண்டும். சேலைக்கு அதுதான் வசதி. இதை விற்பனைப் பையன் சொல்லித்தர மாட்டான், பேரன் சொன்னால் அப்பத்தா கேட்கமாட்டார். ஆகவே டெஸ்ட் டிரைவுக்கு அவரையும் அழைத்துப் போவது நல்லது. வாங்குகிற வண்டியின் பெயரைக்கூட அவரே முடிவு செய்துவிடுவார்.

இரண்டாவது காரணம் ரோடு. வேகத்தடைக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டிய உயரம் நிஜமாகவே உதவுகிறது. நெக்ஸானுக்கு 208 என்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்காரர்களே போட்டுக்கொள்ளும் தடைகளுக்கும் அது போதும். ஆனால் ஐப்பசி மழையில் கரிசல் மண்ணுக்கு இந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. சின்ன எஸ்யுவிகளில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை மட்டும் உள்ளவை. கரிசல் டயரோடு அப்பிக்கொண்டு, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே திரண்டுவிட்டால், வண்டி உட்கார்ந்த இடத்திலேயே நிற்கும். அப்போது கூப்பிட வேண்டியது டிராக்டர்காரரை. மழை நாளில் வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு மிச்ச தூரம் நடப்பவர்தான் விவரமானவர்.

இனி இன்ஜின். இதில் கருத்துச் சொல்லாதவர் ஊரில் இல்லை. மூத்த மகன் யூடியூபில் பார்த்துவிட்டு டர்போ என்பான். மச்சான் டீசலைத் தவிர வேறொன்றை இன்ஜின் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். டீக்கடையில் எந்த வண்டிக்கும் ஒரே கேள்விதான்: “லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது அண்ணாச்சி?” இதற்குப் பதிலாகச் சொல்லப்படும் எண்ணில் இரண்டைக் கழித்துக்கொள்வது கேட்பவரின் வழக்கம், அது தெரிந்து மூன்றைக் கூட்டிச் சொல்வது உடையவரின் வழக்கம்.

வென்யூவை வைத்துப் பார்த்தால் விஷயம் சீக்கிரம் விளங்கும். அதன் 1.2 லிட்டர் சாதாரணப் பெட்ரோல் இன்ஜின் 114 நியூட்டன் மீட்டர் இழுவை தருகிறது, அதுவும் நிமிஷத்துக்கு 4,000 சுற்றில். ஒரு லிட்டர் டர்போ 1,500 சுற்றிலேயே 172 தருகிறது. 1.5 டீசலுக்கு 250. நியூட்டன் மீட்டர் என்பதைக் குடும்பத்துக்குப் புரியும்படி சொன்னால், ஆள் நிறைய ஏறி ஏசியும் ஓடுகிறபோது வேகத்தடை தாண்டி இரண்டாவது கியரிலேயே வண்டி எழும்புமா, முதல் கியருக்கு இறங்க வேண்டுமா என்பதுதான். டர்போ என்பது, இன்ஜின் கழித்துவிடும் சூடான புகையைக்கொண்டே ஒரு காற்றாடியைச் சுழற்றி, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கிற ஏற்பாடு. காற்றுக் கூடினால் பெட்ரோலும் கூடும். ஆகவே டர்போவின் மைலேஜ் ஓட்டுகிறவரின் வலது காலில் இருக்கிறது. அப்பா ஓட்டினால் ஒன்று, மச்சான் ஓட்டினால் ஒன்று.

டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை நெருக்கி அழுத்தினால் ஏறும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். எது எதனால் பற்றும் என்று தாயில்பட்டிக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பற்றி எரிந்தபின் மிஞ்சும் கரி எங்கே போகிறது என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்வதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின், டீசல் கார்களின் புகைவழியில் டிபிஎஃப் என்றொரு வடிகட்டி இருக்கிறது. அது கரித்தூளைப் பிடித்துச் சேர்த்து வைக்கும். நிறைந்ததும் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு ஏற, வண்டி நிற்காமல் நல்ல வேகத்தில் பதினைந்து இருபது நிமிஷமாவது ஓட வேண்டும்.

இந்த ஊர் வண்டியின் ஒரு நாளைப் பார்க்கலாம். காலையில் பள்ளிக்கூடம். அப்புறம் ஆலை வாசல். பட்டாசு ஆலைகளில் வண்டிக்கு வாசலோடு சரி. மதியம் சாப்பாட்டுக்கு வீடு, திரும்ப வாசல், சாயங்காலம் மளிகைக் கடை. எந்த ஓட்டமும் இன்ஜின் சூடு பிடிக்கிற அளவு நீளமில்லை. கொஞ்ச மாதத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். சர்வீஸ் சென்டரில் வைத்தியம் தயாராக இருக்கும்: “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சாத்தூர்ல பைபாஸ் ஏறி, கோவில்பட்டி வரைக்கும் ஒரே மிதியா மிதிச்சிட்டு வாங்க, சரியாப்போயிரும்.” எரிபொருளை மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டிக்கு, கரி எரிப்பதற்கென்றே டீசல் ஊற்றி, ஜோலி ஒன்றும் இல்லாமல் கோவில்பட்டி போய்வர வேண்டும். வீட்டில் கடலை மிட்டாய் தட்டாமல் இருப்பது இதனால் வரும் ஒரே லாபம்.

சரி, காசிலாவது மிஞ்சுமா? மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இந்தக்காலப் பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிடைத்தால் 40 லிட்டர். 101 ரூபாய் விலையில் 4,040 ரூபாய். டீசல் 19 தந்தால் ஏறக்குறைய 32 லிட்டர். 93 ரூபாய் விலையில் 2,940. மாதத்துக்கு 1,100 ரூபாய் மிச்சம். டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தது ஒன்றேகால் லட்சம் என்றால், அதைத் திரும்ப எடுக்க ஒன்பதரை வருஷம் ஆகும். பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடப்பட்ட பையன் அதற்குள் லைசென்ஸ் எடுத்திருப்பான். மச்சான் சொல்வதைப் பொய் என்று தள்ளவும் முடியாது. அது பழைய நியாயம். 2012இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாயை ஒட்டி வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதோடு அந்தக் காலம் மலையேறியது. மச்சான் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

அவருடைய கடைசி ஆயுதம் குற்றாலம். “குற்றாலத்துக்குக் குடும்பத்தோட போகணும்னா டீசல்தான் இழுக்கும்.” போகவர இருநூறு கிலோமீட்டரை ஒட்டிய அந்தப் பயணத்துக்கு டீசல் சுகமானது என்பதில் சந்தேகமில்லை. குற்றாலத்தில் சாரல் விழுவது ஆனியிலும் ஆடியிலும். தீபாவளிக்குச் சரக்கு போட்டாக வேண்டிய பட்டாசு ஊரில் அந்த மாதங்களில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. தீபாவளி முடிந்து ஓய்வு கிடைக்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று செய்தி வரும். வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் கிடைத்தால் கிடைக்கிற ஒரு குளியலுக்காக ஒன்றேகால் லட்சம் என்பது தேங்காய் எண்ணெய் செலவைச் சேர்க்காத கணக்கு.

டீசலை விட்டால் சிஎன்ஜி. அதன் பழைய குறை, சிலிண்டர் டிக்கியை விழுங்குவது. டாடா 2023இல் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சின்னதை டிக்கித் தளத்துக்கு அடியில் படுக்கவைத்தபின் பொங்கப் பானைக்கு இடம் பிறந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். மற்றபடி வீட்டிலிருந்து சிஎன்ஜி பங்க் எவ்வளவு தூரம், அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்று நேரில் போய்ப் பார்த்தால் முடிவு தானாக வரும்.

கரண்ட் வண்டி, உண்மையைச் சொன்னால், இந்த ஊர் ஓட்டத்துக்கு மிகவும் பொருத்தமானது. சின்னச் சின்ன ஓட்டம், ராத்திரி வீட்டு வாசலில் சார்ஜ், கரியும் இல்லை மஞ்சள் விளக்கும் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் இரண்டு மாத ஓட்டத்துக்கு 180 யூனிட். தடையாக நிற்பது அப்பாவின் மனசுதான். வீட்டு மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும் என்பதால், ரீடிங் எடுக்க ஆள் வருகிற வாரத்தில் ஃபேன் சுவிட்சையே முறைத்துப் பார்க்கிறவர் அவர். அவர் கண்ணெதிரே கார் ராத்திரியெல்லாம் மீட்டரைச் சுற்றவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. பெட்ரோலுக்கு மாதம் நாலாயிரம் தாராளமாகக் கொடுப்பவருக்குக் கரண்ட் பில்லில் நானூறு ஏறினால் தாங்காது.

ஆகவே மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஓடும் தாயில்பட்டிக் குடும்பத்துக்கு நாலு மீட்டருக்குள், பத்து லட்சத்துக்குள், சன்ரூஃப் இல்லாத பெட்ரோல் வண்டி போதும். ஏசியோடு ஆள் நிறைய ஏறுவது வாடிக்கை என்றால் டர்போவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். வாரம் தவறாமல் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகிற வியாபாரிக்கு மட்டும் டீசல். வீட்டில் இரண்டாவது வண்டியாக வாங்குவதென்றால் கரண்ட் வண்டிதான்; பில்லை அம்மா பெயரில் மாற்றிவிட வேண்டும்.

மிஞ்சியிருப்பது நாள் குறிப்பது. நாடெங்கும் சுவரில் தொங்கி ராகு காலமும் எமகண்டமும் சொல்லும் தினசரி காலண்டர்களில் பெரும்பாலானவை பக்கத்துச் சிவகாசியில்தான் அச்சாகின்றன. வண்டி எடுக்க நல்ல நேரம் பார்க்க இந்த வட்டாரத்தார் வெளியூர் போக வேண்டியதில்லை. ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்கு மட்டுமல்ல, ஷோரூம்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் அந்த மாதத்தில் தள்ளுபடி. ஆடியில் விலையைப் பேசி எழுதி வாங்கிக்கொண்டு, அட்வான்ஸ் கொடுத்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் சாவி வாங்குகிறவரே இந்த வியாபாரத்தில் ஜெயித்தவர். பேசிய விலையில் சீட் கவர், மேட், நம்பர் பிளேட் எல்லாம் சேர்த்தியா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளவும்.