எறிவிளக்கியல்

வீழ்வன தூங்குவ காணா தெரிவனென
மூவகைப் படூஉம் எறிவிளக் கென்ப.

பீரங்கியால் எறியப்படும் விளக்கு மூன்று வகைப்படும் என்றவாறு. 'என்ப' என்றது யாரை எனின், வேறு எவரும் முன்வராமையால் அடியேனையே. விளக்கைப் படைக்கலத்தோடு வைத்து எண்ணலாமோ என்று கேட்பாரும் உளர். குண்டின் கூட்டில் அடைத்து, குண்டைப் போலச் சுட்டு, குண்டென்றே கணக்கில் எழுதுகிறார்கள். ஆகவே எண்ணலாம்.

வீழ்வன என்பவை பழைய முற்றுகைப் போர்களின் தீப்பந்துகள். மண்ணில் விழுந்து, கிடந்த இடத்திலேயே எரியும். ஒரு மண்வெட்டி மண்ணைப் போட்டால் அணைந்துவிடும். முற்றுகையிட வந்தவனோ பள்ளம் தோண்டவே வந்தவன். அவனிடம் இல்லாத மண்வெட்டியா? இவ்வகை பற்றி வேறு பேச்சு வேண்டாம்.

தூங்குவன: தூங்கல் ஈண்டுத் தொங்கல், உறக்கம் அன்று. அதன் கீழ் இருப்பவர் எவரும் உறங்கார். 19ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் உல்விச் ஆயுதச்சாலையில் பணியாற்றிய எட்வர்ட் பாக்ஸர் தீப்பந்துக்குப் பாராசூட் கட்டிவிட்டார். ஈழத்தில் இதற்குப் பெயர் 'பரா லைற்'. பரா என்பது பாராசூட்டின் தலை. பராசக்தியின் தலை என வேர் காண்பது பொருந்தாது.

இதன் இலக்கணத்தை அமெரிக்கர்களின் எம்485 என்னும் 155 மி.மீ. குண்டில் வைத்துக் காண்க. மூக்கில் நேரம் குறித்த ஃபியூஸ். குறித்த விநாடியில் உள்ளே ஒரு சிறு மருந்து வெடித்து, வயிற்றில் இருப்பதைப் பின்பக்கமாகத் தள்ளும், அடித்தட்டு கழன்றுவிடும். இனித்தான் சிக்கல். பீரங்கிக் குழலின் புரிகள் குண்டைப் பம்பரமாக்கி அனுப்பியிருக்கின்றன. அந்தச் சுழற்சியில் பெரிய பாராசூட்டை விரித்தால் கயிறுகள் முறுக்கிக்கொண்டு வடமாகிவிடும். ஆதலின் முதலில் ஒரு சின்னப் பாராசூட் வேகத்தைக் குறைக்கும், சிறு தகடுகள் விரிந்து சுழற்சியைத் தணிக்கும், அதன் பின்னரே பெரியது மலரும். மக்னீசியத் தூளும் சோடியம் நைட்ரேட்டும் சேர்த்து இறுக்கிய மருந்து கீழ்நோக்கி எரியும். ஏறத்தாழ 10 லட்சம் மெழுகுவத்தி வெளிச்சம். ஒருவர் தலைக்கு மேல் இத்தனை மெழுகுவத்தியைப் பிறந்தநாளன்றும் யாரும் ஏற்றியதில்லை.

கணக்கு எளிது. 600 மீட்டர் உயரத்தில் மலர்ந்து, விநாடிக்கு 5 மீட்டர் இறங்கி, 120 விநாடி எரிகிறது. பெருக்கிப் பார்த்தால், மண்ணைத் தொடும்போது மருந்தும் தீர வேண்டும். உயரே மலர்ந்தால் வெளிச்சம் தரைக்கு வந்து சேராமல் மெலியும். தாழ மலர்ந்தால் தரையில் கிடந்து எரியும். அதாவது தூங்குவது வீழ்வதாகும். இதனை வகைமயக்கம் என்க.

சிறிய குண்டுகள் பொதுவாகச் சிறிது நேரமே எரிவதால் அவற்றை விரித்திலம். பீரங்கிக்காரர்கள் இந்நூலைக் கேளாமல் தாமாகவே ஒரு பகுப்பு வைத்திருக்கிறார்கள்: ஒரு பீரங்கி வெளிச்சம், இரு பீரங்கி வெளிச்சம், நாற்பீரங்கி வெளிச்சம். நான்கு விளக்கும் தள்ளித் தள்ளி ஒரே நேரத்தில் மலர்ந்தால் கீழே நிழலே மிஞ்சாது. ஒற்றை விளக்கில்தான் வினை. அது காற்றில் ஊசலாட, மரங்களின் நிழல்களெல்லாம் எழுந்து நடக்கும். காவலாளி சுட்டுத் தள்ளிய பனைமரங்களுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

இது யாருடைய விளக்கு என்பதும் ஐயத்துக்குரியது. 1943 டிசம்பர் 26 அன்று, நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் இருளில், பெல்ஃபாஸ்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் எறிந்த விளக்கில் ஜெர்மனியின் போர்க்கப்பல் ஷார்ன்ஹோர்ஸ்ட் அகப்பட்டது; அதன் பீரங்கிகள் பகைவரை நோக்கித் திருப்பப்படாமல் இருந்தன. அங்கே எறிந்தவனுக்கே பயன். ஆனால் தரையில் காற்று திசை மாறி, விளக்கு எறிந்தவன் முதுகுப்பக்கம் மிதந்து வந்தால், உருவம் தெரிவது அவனுடையது. எவன் எறிந்ததாயினும், காலாட்படையினருக்கு வெளிச்சம் மலர்ந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொள்ளக் கற்பிக்கிறார்கள். இருளுக்குப் பழகிய கண் வெளிச்சத்தில் கெட்டால் மீண்டும் பழக அரை மணி நேரம் ஆகும். விளக்கோ இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

காணாது எரிவன: அகச்சிவப்பு ஒளி தருபவை. 'காணாது' என்றது செயப்பாட்டைச் செய்வினை வாய்பாட்டால் கூறியது. வெறுங்கண்ணுக்கு ஏறக்குறைய இருட்டு. இரவுநோக்கி அணிந்தவனுக்குப் பட்டப்பகல். தெரியாத விளக்கும் விளக்கோ எனின், வாங்கியவனுக்கு விளக்கே. இரு தரப்பும் இரவுநோக்கி அணிந்துவிட்டால் இது தூங்குவனவற்றுள் அடங்கும்; நூற்பாவைத் திருத்த வேண்டிவரும்.

புறனடை: மேற்கூறிய எதிலும் அடங்காதது ஒன்று உண்டு, காலிக் கூடு. விளக்கைக் கக்கிய பின்னும் அந்த எஃகுக் கூடு அதே வேகத்தில் முன்னே போகிறது. அது எங்கே விழும் என்பதையும் பீரங்கிக்காரன் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். எல்லோரும் அண்ணாந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கூடு அப்பால் எங்கோ தரையைத் தொட்டிருக்கும்.