புள்ளி இலாகா

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதன் எந்தக் காரியத்துக்கும் லாயக்கில்லாதவன் என்று குடும்பத்தார் தீர்மானம் செய்துவிடுவது எங்கும் உள்ள வழக்கமேயானாலும், அந்தத் தீர்மானத்தை அவன் முகத்துக்கு நேரே சொல்லாமல், "உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமமெல்லாம், சும்மா உட்கார்ந்திருங்களேன்" என்று உபசார வார்த்தையாகத் திருத்திச் சொல்லும் நாகரிகம் நம்மவரிடையே இன்னும் அழிந்துபோகவில்லை. தணிக்கை இலாகாவில் பிறருடைய கணக்குகளிலே இடம் மாறிப்போன தசமப் புள்ளிகளைத் தேடிப் பிடிப்பதிலேயே தலை நரைத்தவனாகிய நான், அமெரிக்க தேசத்து யூட்டா மாகாணத்தில் சால்ட் லேக் நகரத்தை அடுத்துள்ள என் மகளின் வீட்டுக்கு மனைவி சகிதம் வந்து இறங்கியபோது, இந்த உபசார வார்த்தை விமான நிலையத்திலேயே எனக்கு வழங்கப்பட்டது; என் பெட்டியை நானே தூக்கக்கூட விடவில்லை. அப்படிச் சும்மா இருக்கப் பணிக்கப்பட்ட எனக்கு அந்த வீட்டில் ஒரு தனி இலாகாவும், அதற்குரிய அதிகாரங்களும், ஓர் ஊறுகாய் ஜாடியின் மூடியும் கிடைத்த வரலாறு, காகிதம் வெட்டும் ஒரு மின்சார யந்திரத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

யந்திரம் சாப்பாட்டு மேஜையின் மேல் இருந்தது. ஆகையால் நாங்கள் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டோம். ஒரு முழ நீளத்துக்கு மேல் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தண்டு, அந்தத் தண்டின்மேல் இங்குமங்கும் ஓடும் ஒரு சிறு வண்டி, வண்டியின் ஒரு பக்கத்தில் பேனா, மறு பக்கத்தில் பேனா முனையளவே உள்ள ஒரு கத்தி. வரைபடக் காரியாலயங்களில் பேனாவைப் பிடித்துப் படம் போட்டுக்கொண்டிருந்த பிளாட்டர் என்னும் யந்திரத்தின் வம்சத்திலே வந்தது இது. பேனா இருந்த இடத்தில் கத்தி ஏறியதுதான் வித்தியாசம். பசையுள்ள ஒரு பாயிலே காகிதத்தைப் படிய ஒட்டி வாயில் கொடுத்தால், யந்திரம் பாயை முன்னும் பின்னும் இழுக்க, கத்தி இடமும் வலமும் ஓட, இந்த இரண்டு அசைவுகளும் கம்ப்யூட்டரின் ஆணைப்படி ஒன்று சேர்ந்து, பூவாகவும் கொடியாகவும் மயிலாகவும் காகிதத்தில் இறங்குகின்றன. கத்தி தன் காம்பிலே தாராளமாகச் சுழலக்கூடியது. எந்தத் திசையில் இழுக்கிறார்களோ அந்தத் திசைக்குத் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த ஒரு குணவிசேஷத்தினால், என் உத்தியோக காலத்தில் வெகு சீக்கிரமாகப் பதவி உயர்வு பெற்ற சிலரை அது எனக்கு ஞாபகப்படுத்திற்று.

போட்டோக்களையும் கடிதங்களையும் டிக்கட்டுத் துண்டுகளையும் அலங்காரமாக ஒட்டி ஆல்பம் தயாரிக்கும் ஸ்க்ராப் புத்தகக் கலை யூட்டாவிலே இவ்வளவு செழித்திருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே மார்மன் சபையைச் சேர்ந்த குடும்பங்கள் அதிகம். வம்சாவளியைத் தேடி எழுதுவதும், குடும்ப சரித்திரத்தைக் காப்பாற்றுவதும் அவர்களுக்குச் சமயக் கடமையோடு சேர்ந்தவை. 1980-ஆம் வருஷம் சால்ட் லேக் நகரத்தில் நடந்த உலக ஆவண மாநாட்டில் மாரிலென் கிறிஸ்டென்சென் என்ற அம்மாள் தம் குடும்பத்து ஆல்பங்களைக் கொண்டுவந்து காட்சிக்கு வைக்க, கண்டவர்களெல்லாம் இதை எப்படிச் செய்வது என்று கேட்டு மொய்க்க, பிறகு ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில் அந்தக் குடும்பத்தார் இதற்கென்றே ஒரு கடை திறந்தார்கள். அதே மாகாணத்துக் கைவினைக் கம்பெனி ஒன்றுதான் கிரிகட் என்ற வெட்டு யந்திரத்தை இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதை அவர்கள் நம்முடைய கிரிக்கெட்டைப் போலவே உச்சரிப்பதால், மகளின் சிநேகிதிகள் கூடிக் கிரிக்கெட் பேசுவதாக எண்ணி ஆவலோடு போய் உட்கார்ந்த என் மாப்பிள்ளை, பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டாராம். எங்கள் வீட்டிலிருந்தது வேறொரு கம்பெனியின் சரக்கு. அதன் பெயர் நமக்கு அவசியமில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. பக்கங்களிலே முன்கூட்டியே பசை பூசி, சிறிது நீரைத் தொட்டு வைத்தால் ஒட்டிக்கொள்ளும்படியான ஸ்க்ராப் புத்தகத்துக்கு 1873-ல் பேடண்ட் வாங்கியவர், ஹாஸ்ய சக்கரவர்த்தியான மார்க் ட்வைன். அது நன்றாக விற்பனையும் ஆயிற்று. ஒரு வரிகூட எழுதாமல் வெளியிட்ட புத்தகத்தினால் ஓர் எழுத்தாளர் லாபம் சம்பாதித்தது, நம் நாட்டு எழுத்தாளர்களும் பிரசுரகர்த்தர்களும் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

என் மகளுக்கு இந்த வித்தையில் இருந்த சிரத்தை, எங்கள் அறுபதாம் கல்யாணத்தை முன்னிட்டு ஓர் ஆல்பம் தயாரிப்பது என்ற சங்கற்பமாக முற்றியிருந்தது. வீட்டிலுள்ள பழைய போட்டோக்களையெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே உத்தரவாகியிருந்தது. கொண்டுபோனோம். கறுப்புத் தாளில், நான்கு முக்கோணக் கார்னர்களுக்குள் மூலைகளைச் செருகிக்கொண்டு, ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே சிலந்திவலைச் சித்திரம் பொறித்த மெல்லிய தாள் சரசரக்க, அந்தப் படங்கள் அத்தனை வருஷமும் எங்கள் பீரோவில் சௌக்கியமாக இருந்தன. ஆல்பம் என்றால் அதுதான் ஆல்பம் என்பது இன்றைக்கும் என் அபிப்பிராயம். மகளோ, பழைய தாளில் அமிலம் இருக்கிறது, லிக்னின் இருக்கிறது, அதனால்தான் பழுப்பேறுகிறது என்று சாஸ்திரோக்தமாக எடுத்துச் சொல்லி, மூலப் படங்களை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்திவிட்டுப் பிரதிகளின்மேல் கை வைத்தாள். பன்னிரண்டு அங்குலச் சதுரமான பக்கத்தில் முதலில் ஒரு பூத்தாள், அதன்மேல் ஒரு சட்டம், சட்டத்தின்மேல் கொடி, கொடியின்மேல் பறவை என்று அடுக்கிக்கொண்டே போனபின் போட்டோவுக்கு எஞ்சிய இடம் நாலு விரற்கடை. "ஓரத்தில் நிற்கிறவர்களை மட்டும் எடுத்துவிடலாம், அப்பா" என்றாள்.

ஓரத்தில் நின்றவர் என் சித்தப்பா. எங்கள் கல்யாணத்தின் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டு, அந்த விஷயம் வெளியில் தெரியக்கூடாதென்ற அடக்கத்தினாலே, படம் எடுக்கும்போதுகூட எல்லாருக்கும் கடைசியில் போய் நின்றவர். அவரை நீக்கிவிட்டு, முகூர்த்தத்தன்று காப்பி ஆறிவிட்டதென்று கோபித்துக்கொண்டவர்களை நடுவில் வைத்துக் காப்பாற்றுவது தணிக்கை முறைக்கு முற்றிலும் விரோதம் என்று நான் ஆட்சேபம் எழுப்பினேன். நெடுநேர விவாதத்துக்குப் பின் சமரசம் ஏற்பட்டது: பக்கத்தின் மூலையில் வைப்பதற்காக வெட்டிய மயிலின் தோகைக் கண் ஒன்றை யந்திரம் வட்டமாகத் துளைத்துக் கொடுத்தது, அந்தத் துவாரத்தின் வழியாகச் சித்தப்பாவின் முகம் இப்போது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உயிரோடிருந்த காலத்தில் அவர் இவ்வளவு அலங்காரமாக இருந்ததே இல்லை.

வெட்டுவது யந்திரத்தின் வேலை. அதற்குப் பிறகுள்ளவை யாவும் மனிதப் பிரயத்தனம். முதற்கண், வெட்டிய காகிதத்தைப் பாயிலிருந்து உரிக்கக்கூடாது. பாயைத்தான் காகிதத்திலிருந்து உரிக்க வேண்டும். அதாவது பாயைக் கவிழ்த்துப் போட்டு, காகிதத்தை மேஜையோடு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, பாயின் ஓரத்தைப் பின்புறமாக வளைத்துக்கொண்டே போனால் காகிதம் தட்டையாகக் கிடக்கும். நேர்மாறாக இழுத்தாலோ காகிதம் சுருண்டுபோய், எவ்வளவு கனமான புத்தகத்தின் அடியில் வைத்தாலும் பழைய சுபாவத்தை விடாது. ஸ்டிக்கர்த் தாளென்றால் இன்னொரு நுட்பம்: கத்தி மேல்தாளை மட்டும் அறுத்து, அடித்தாளைக் கீறாமல் விட வேண்டும், அதற்கு ஒரு மூலையில் சிறிய சதுரம் ஒன்றை வெட்டிப் பரீட்சை பார்த்துக்கொண்டபின்தான் முழு வேலையையும் கொடுக்க வேண்டும். பிறகு வளைந்த முனையுள்ள ஓர் ஊசியைக் கொண்டு வேண்டாத பாகத்தைக் கிளப்பி எடுப்பார்கள். களை எடுப்பது என்றே அதற்குப் பெயர். கத்தியின் முனையிலே தூசு சேர்ந்துவிட்டால் அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி அதில் பலமுறை குத்தி எடுப்பது ஒரு கைவைத்தியம். இந்தச் சடங்குகளையெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்து பார்த்தேன். தலைப்பைத் தமிழில் வெட்டுவதென்று முடிவாகிற வரையில்.

இங்கிலீஷ் கூட்டெழுத்திலே எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போவதால், வெல்ட் என்று ஒரு கட்டளை கொடுத்தால் முழு வார்த்தையும் ஒரே துண்டாகக் கைக்கு வந்துவிடும். தமிழுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அந்த மென்பொருளோ, "கெ" என்று அடித்தால் கொம்பை எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தும் அளவுக்குத்தான் தமிழ் படித்திருந்தது; ஆகவே மகள் வேறோரிடத்தில் எழுதிப் படமாக்கிக் கொண்டுவந்து அதன் விளிம்பை யந்திரத்துக்குக் காட்டிக் கொடுத்தாள். "சஷ்டியப்தபூர்த்தி" என்ற வார்த்தை அட்சரசுத்தமாக வெட்டுப்பட்டு வந்தது. எழுத்துகள் சரி. ஆனால் புள்ளிகள் நான்கும் எழுத்துகளோடு எந்த ஒட்டுறவுமில்லாமல் தனியே கிடந்தன. எழுத்துகளின் சுழிகளுக்குள்ளிருந்து விழுந்த வேண்டாத துணுக்குகளும், பூவிதழ்களின் ஓட்டைகளிலிருந்து விழுந்த துணுக்குகளும் அவற்றோடு கலந்து கிடந்தன. எல்லாம் ஒரே நிறம். எல்லாம் ஏறக்குறைய ஒரே வட்டம். ஒன்று இலக்கணம், மற்றது குப்பை. எது எதுவென்று பிரித்தறியும் ஆற்றல் அமெரிக்காவில் படித்த யந்திரத்துக்கும் இல்லை, அமெரிக்காவில் படித்த என் மகளுக்கும் இல்லை.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்து விதியே ஆனாலும், ஓலையில் எழுதிய நம் முன்னோர்கள், எழுத்தாணியின் முனை ஓலையைப் பொத்துவிடுமென்று அஞ்சிப் போலும், புள்ளியை அனேகமாக விட்டுவிட்டார்கள் என்பதையும், அப்படிப்பட்ட ஏடுகளை வைத்துக்கொண்டு உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டையும் நான் மகளுக்கு விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நாமும் ஏட்டுச்சுவடி மாதிரியே விட்டுவிடலாமே, அப்பா" என்றாள்.

விட்டுப் பார்த்தோம். என் மனைவியின் படத்துக்கு அடியில் "பாட்டி" என்று ஒட்டியிருந்தது, புள்ளி போனபின் "பாடடி" என்று ஆகி, இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் நான் ஒருபோதும் இட்டறியாத ஒரு கட்டளையை அவளுக்கு இட்டுக்கொண்டிருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாள். "யார் சொல்கிறது இப்படி?" என்று கேட்டாள். அன்று மாலையே புள்ளிகளை மீட்பது என்று குடும்பம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

மீட்பது லேசான காரியமாயில்லை. அந்த ஊர் வீடுகளில் குளிர்காலத்தில் தரையிலுள்ள ஜாலிகளின் வழியாக வெப்பக்காற்று குபீரென்று கிளம்புகிறது. அது கிளம்பும்போதெல்லாம் மேஜையிலிருந்த மெய்யெழுத்துகள் உயிர்மெய்யெழுத்துகளாக மாறின. ஸ்டிக்கர்த் தாளிலே களை எடுக்கையில் வேண்டாத பாகத்தோடு புள்ளியும் கிளம்பிவிடுவது சர்வ சாதாரணம். கிளம்பினது எங்கேயாவது ஒட்டிக்கொள்ளும். ஒன்று மாப்பிள்ளையின் சட்டைக் கைப்பட்டியில் ஒட்டிக்கொண்டு காரியாலயத்துக்குப் போய் மாலையில் பத்திரமாகத் திரும்பி வந்தது. இன்னொன்று, தவழ்ந்து திரியும் பேரனின் கன்னத்தில் கரேலென்று இருந்தது. அதைக் கண்ட என் மனைவி, தான் ஊரிலிருந்து டெலிபோனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயத்தை மகள் கடைசியில் ஏற்றுக்கொண்டு குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டாளென்று பூரித்துப்போனாள். அது "ர்த்" என்பதன் இரண்டாவது புள்ளி என்று சொல்லி அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை, வேறொன்றை வெட்டிக்கொண்டோம்.

இந்த நிலைமையில்தான் இலாகா என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவுடன் நான் சில விதிகளை அமல் செய்தேன். வெட்டுவதற்கு முன் தலைப்பிலுள்ள புள்ளிகளை எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெட்டியபின் பாயிலிருந்து முதலில் எடுக்கப்படுவது புள்ளியாக இருக்க வேண்டும். எடுத்த புள்ளி ஊறுகாய் ஜாடியின் மூடியைத் தவிர வேறெங்கும் வைக்கப்படலாகாது. என் மேஜைக்கு நாலடி தூரத்துக்குள் தும்முதல் கூடாது. பல் குத்தும் குச்சியின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அந்த ஈரத்திலே புள்ளியைத் தொட்டு உயர்த்தி, அடியில் கடுகளவு பசை வைத்து, எழுத்தின் தலைக்கு நேர் மேலே, சாயாமல், இடைவெளி சமமாக இருக்கும்படி இறக்குவது என்பது எழுத்தில் சொல்வதைப் போல் அவ்வளவு சுலபமன்று. மூச்சைக்கூட அந்தச் சமயத்தில் ஒத்திப்போட வேண்டும். கேக்கின் மேல் நட்டு வைப்பதற்காக ஒரே துண்டாக வெட்டவேண்டிய வார்த்தைகளில், புள்ளி அந்தரத்தில் நிற்க முடியாதாகையால், எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே மெல்லிய காம்பு ஒன்று கொடுத்து இணைக்கலாமென்று மகள் யோசனை சொன்னாள். அப்படிச் செய்து பார்த்ததில் ஒவ்வொரு மெய்யெழுத்தும் குடை பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. தமிழிலக்கணத்தில் மழைக்கு இடமில்லை என்று சொல்லி அனுமதி மறுத்துவிட்டேன்.

வயதானவனுக்கு இதென்ன விளையாட்டு என்று கேட்பவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே இருந்த மேரி டிலேனி என்ற சீமாட்டி, எழுபது வயதைக் கடந்தபின், கத்தரிக்கோலை எடுத்து வர்ணக் காகிதத்தை இதழிதழாக நறுக்கிக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களைச் சிருஷ்டிக்க ஆரம்பித்து, கண் பார்வை மங்குவதற்குள் 985 சித்திரங்கள் செய்து முடித்தாள். இன்றும் அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. தாவர சாஸ்திரிகள்கூட அவற்றின் நுணுக்கத்தை மெச்சியிருக்கிறார்கள். அந்த அம்மாளிடம் யந்திரம் கிடையாது. பூக்களிலே புள்ளியெழுத்தும் கிடையாது என்பதை மட்டும் நியாயத்தை உத்தேசித்துச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆல்பம் முடிவு பெறும் தறுவாயில் மாப்பிள்ளை ஒரு நாள் சாப்பாட்டு மேஜையைத் திரும்பப் பெறும் நோக்கத்துடன் சமாதானப் பேச்சுக்கு வந்தார். "மாமா, உங்களுக்கும் கண் வலிக்கிறது. அடுத்த ஆல்பத்துக்குத் தலைப்பை இங்கிலீஷிலேயே போட்டுவிடலாம். எல்லாம் ஒரே துண்டாக வந்துவிடும், ஒட்டுகிற வேலையே இராது" என்றார். அவருடைய அண்ணா மெம்பிஸ் நகரத்தில் இருக்கிறார். போன கோடையில் எல்லாரும் அங்கே போய், மார்க் ட்வைன் இளமையில் கப்பலோட்டிய அந்த மகாநதியிலே படகில் ஏறிப் படங்கள் எடுத்திருந்தார்கள். அடுத்த ஆல்பம் அதைப் பற்றியது. தலைப்பு வெறும் மிஸிஸிப்பி என்று ஒரே வார்த்தை.

நான் ஒரு காகிதத்தை எடுத்து, அந்த நதியின் பெயரை இங்கிலீஷ் கூட்டெழுத்திலே மெதுவாக எழுதிப் பார்த்தேன். முதலெழுத்து பெரியது, மற்றவை சிறியவை. ஐ என்னும் எழுத்து அதில் நான்கு தரம் வருகிறது. நான்கு தலையிலும் நான்கு புள்ளி. எந்த வெல்ட்டும் அவற்றைத் தொடாது. மாப்பிள்ளை சொன்னது நல்ல யோசனைதான் என்று ஒப்புக்கொண்டு, எழுந்துபோய் ஊறுகாய் மூடியை வெந்நீரில் அலம்பித் துடைத்து வைத்தேன்.